நூற்று நான்காவது இடம்

பால்வெய்க், சதர்லாண்ட்
2 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்கச் சொன்னாள் இஷ்பெல். உனக்கு ஒன்று ஆகியிருந்தால் எடின்பரோவிலிருந்து யாராவது சொல்லாமலா இருப்பார்கள் என்று அவள் வாயை அடைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. கிளப்பிலிருந்து வந்தது. மைதானத்தில் செம்மறி மேய்க்கும் உரிமையை எட்டுக் குடும்பங்களும் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். பதிலுக்கு ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் பசும்புல் வயல் தருவார்களாம். எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எட்டாவது பங்கு அப்பாவுடையது. அவர் அதை எனக்கு எழுதாமல் உனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மேய்கிறவை என் ஆடுகள், உரிமை உன்னுடையது. நவம்பர் 28க்குள் உன் பதில் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குத்தான் எல்லார் முன்னிலையிலும் உறைகளைப் பிரிப்பார்.

இந்த வினை எங்கிருந்து வந்தது தெரியுமா? உன் பத்திரிகையிலிருந்து. உலகத்தின் தலைசிறந்த கோல்ஃப் மைதானங்கள் என்று நூறு பெயர் போட்டீர்களே, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் பத்து. நாம் நூற்று நான்கு. பக்கத்தில் ஒரு வரி: "ஆடுகளும் கம்பிவேலியும் போனால் பால்வெய்க் நூற்றுக்குள் வர எந்தத் தடையும் இல்லை." எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இருந்தால்தான் எனக்கு உன்னைத் தெரியுமா?

எங்கள் கேப்டன் டல்லக் அந்த வரியைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டார். உனக்கு அவரைத் தெரியாது. பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்புக்குத் தலைவர் ஆனதால் கேப்டன், மற்றபடி தோணிகூட ஓட்டியதில்லை. போன வாரம் என் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"முர்டோ, நூறுக்கும் நமக்கும் நடுவுல என்ன இருக்கு, சொல்லு."

"நாலு மைதானம் சார்."

"ஆட்டுப் புழுக்கைப்பா! ஆட்டுப் புழுக்கை இருக்கு. அதுங்களும் பாவம், எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கடல் காத்துல நனைஞ்சு சாகும்? உள்ள வயல்ல போயி சொகமா இருக்கட்டுமே."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் நான் அங்கே சம்பளம் வாங்குகிறவன், தலைமைப் புல் பராமரிப்பாளன். 'சரிங்க சார்' என்றுதான் சொன்னேன்.

ஆடுகள் போனால் மைதானமும் போகும். எப்படி என்று கேட்டால் எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே.

முர்டோ


எடின்பரோ
9 அக்டோபர் 1986

முர்டோவுக்கு,

இஷ்பெல் சொன்னதை நீ கேட்டிருக்கலாம். நலமாகத்தான் இருக்கிறேன்.

தாளைக் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. கணப்பு மேல் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

அந்த வரியை எழுதியது நான்தான். ஆசிரியர் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. போன வருடம் ஜூனில் வந்து விளையாடிவிட்டு, உன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போனேன். என் வேலை அது. எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது, ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பதினான்கு வருடத்தில் முந்நூறு மைதானங்களுக்கு மேல் நடந்திருக்கிறேன். எது சிறந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். பெரும்பாலான இடங்களில் பந்து தரையைத் தொட்டதும் கதை முடிந்துவிடும். நல்ல கடலோர மைதானத்தில் அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. மேட்டில் ஏறுமா, சரிவில் வழுக்குமா, இடப்பக்கம் திரும்பிப் பங்கரின் மணலுக்குள் போய் உட்காருமா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். காற்று தெற்கிலிருந்து வந்தால் ஒரு விளையாட்டு, வடக்கிலிருந்து வந்தால் வேறு விளையாட்டு. பால்வெய்க்குக்கு நிலத்துக்காக ஒன்பது போட்டேன், என் வாழ்நாளில் மூன்று இடங்களுக்குத்தான் ஒன்பது போட்டிருக்கிறேன். பராமரிப்புக்கு மூன்று. ஐந்தாவது குழியில் பந்தை எடுக்கக் குனிந்தபோது என் கையில் ஒட்டியது என்ன என்று உனக்கே தெரியும்.

சரி, ஆடுகளைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவற்றுக்கு அங்கே எந்த நாளும், எந்த நேரமும் நடக்க உரிமை இருந்தது. எனக்குச் செவ்வாயும் வியாழனும், அதுவும் நாலு மணிக்குள். பெண்கள் கிளப்பின் முன்வாசல் வழியாக வரக்கூடாது. ஆடு வந்தால்கூட யாராவது சிரித்துக்கொண்டே விரட்டுவார்கள். நான் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

1959 ஜூலையை மறந்துவிட்டாயா? ஆண்களின் பதக்கப் போட்டி முடிந்த அதே சனிக்கிழமை மாலை, எனக்கு அனுமதி இல்லாத நாளில், அதே குழிகளில், ஆண்கள் அடித்த அதே மேடுகளிலிருந்து, வடகிழக்குக் காற்றில் நான் அறுபத்தொன்பதே அடியில் முடித்தேன். அதுவரை மைதானத்தின் சாதனை எழுபது. நீதான் கூடவே வந்து அடி எண்ணிக் கார்டில் குறித்தாய். குறித்தவன் கையெழுத்து இருந்தால் கார்டு செல்லும்; பலகையில் என் பெயரைப் போட மறுத்தாலும், அப்படி ஒரு கார்டு இருக்கிறது என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை அப்பா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "அடுப்புல போட்டுட்டேன், எல்ஸ்பெத். இனிமே அதப் பத்திப் பேசாத."

கிளப்பின் தலைமைப் பராமரிப்பாளராக இருந்த அப்பாவுக்கு மகள் பெரிதா, வேலை பெரிதா என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆறு வருடத்துக்கு முன் அவரை அடக்கம் செய்தபோது நான் வரவில்லை. அதற்காக நீ தொலைபேசியில் பேசிய வார்த்தைகள் ஒன்றும் மறக்கவில்லை. பிறகு எதற்கு அந்தப் பங்கை எனக்கு எழுதினார்? நான் எட்டு ஆடு வளர்க்கப் போகிறேன் என்றா? சாகும்போதும் ஒரு குத்தல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது சொல். அந்த மைதானத்தில் நான் எதைக் காப்பாற்ற வேண்டும்?

எல்ஸ்பெத்


பால்வெய்க்
14 அக்டோபர் 1986

அக்கா,

கார்டைப் பற்றி எழுதியிருந்தாய். நடந்து இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. அதை விடு. நான் புல்லைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

நம் புல் ஏழைப் புல். ஊசிபோல மெலிந்தது, மணலில் வேர் விட்டு உப்புக் காற்றைக் குடித்துப் பட்டினியிலேயே வாழ்வது. அதற்குச் சோறு போட்டால் செத்துவிடும். அந்த இடத்தில் தடித்த பணக்காரப் புல் ஒன்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பார்க்கப் பச்சைப் பசேல் என்றிருக்கும். பந்து ஓடாது.

ஆடுகள் குளிர்காலம் முழுவதும் ஓரத்துப் புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருக்கின்றன. குழி இருக்கிற வழவழப்பான கிரீன்களைச் சுற்றி மட்டும் நான் கம்பி கட்டிவைக்கிறேன், குளம்பு படாமல் இருக்க. பங்கர்களை யார் வெட்டினார்கள் என்று உங்கள் நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, பாதி பங்கர் ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்துக் குழிந்த இடம். அவற்றுக்கு நீ எத்தனை மதிப்பெண் போட்டாய்?

இது வெறும் பேச்சில்லை. உன் வரி வந்த சூட்டோடு, மார்ச்சிலேயே கேப்டன் மூன்று குழிகளின் புல்வெளியை வேலி போட்டு அடைத்துவிட்டார். சோதனையாம். ஆடு கூடாது, உரம் போடு, தண்ணீர் விடு. நான் போட்டேன், விட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பதின்மூன்றாவதன் பெயர் உனக்கு நினைவிருக்கும், 'மடி'. வலது மேட்டில் அடித்தால் பந்து தானாக உருண்டு உருண்டு கிரீனுக்கு முன்னால் மடிபோல் குழிந்த இடத்தில் வந்து சேருமே, அது.

ஜூலையில் பழைய தபால்காரர் வாட்டி கெய்த் அங்கே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். வயது எண்பத்தொன்று. பந்தைத் தூக்கி அடிக்கத் தெம்பு கிடையாது. ஆனால் பதின்மூன்றில் எந்தச் சரிவு எங்கே கொண்டுபோகும் என்று மனப்பாடமாகத் தெரியும், அதை வைத்தே இளவட்டங்களைத் தோற்கடிப்பார்.

"முர்டோ, இங்க வா. பந்தப் பாரு."

பார்த்தேன். மேட்டின் பாதியில், ஏதோ கஞ்சியில் விழுந்ததுபோல் நின்றிருந்தது.

"அறுவது வருசமா ஓடுன பந்துடா. இப்ப இந்தப் புல்லு முழுங்குது. என்னத்தப் போட்டு வளத்த?"

"கேப்டன் சொன்னதத்தான் போட்டேன்."

"அவனுக்கென்ன, ஆகாசத்துல அடிப்பான். தரையில ஆடுறவன் எங்கடா போவான்?"

மூன்று குழிக்கே இந்தக் கதி. பதினெட்டும் இப்படி ஆனால், அறுபது வயதுக்கு மேல் இந்த ஊரில் யாரும் ஆட முடியாது.

நீ வந்து பார். யாருக்கும் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போ. எனக்கும் சொல்ல வேண்டாம்.

முர்டோ


எடின்பரோ
30 அக்டோபர் 1986

முர்டோ,

வந்தேன். இஷ்பெல் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். தேவாலயத்துக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டு நின்றாள். "பாத்துட்டேன். ஆனா பாக்கல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நீ அவளுக்குத் தகுதியான கணவன் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை.

சனிக்கிழமை ரயிலில் வந்து பக்கத்து ஊர் விடுதியில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். ஓய்வுநாளான அன்றைக்கு நம் ஊரில் கோல்ஃப் மட்டையைத் தொட்டவன் மறுநாள் ரொட்டி வாங்கக் கடைக்குப் போக முடியாது. மைதானம் காலி. நாய்களும், குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிற தாய்மார்களும், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கிழவர்களும்தான். எந்தப் பலகையும் யாரையும் தடுக்கவில்லை. கோட்டுப் பையில் ஒரு பந்து மட்டும் வைத்திருந்தேன்.

ஏழாவது குழியில், உன் ஆடுகள் மேய்கிற இடத்தில், யாரும் பார்க்காதபோது அந்தப் பந்தைக் கையால் உருட்டிவிட்டேன். மட்டை இல்லையே, பாவம் பாதிதான். அது சரிவில் இறங்கி, முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில் தயங்கி, மறுபடி கிளம்பி, ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்வையிலிருந்தே மறைந்துவிட்டது. தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், நாற்பத்தொன்பது வயதில், தனியாக. பிறகு பதின்மூன்றுக்குப் போய் மடிக்கு மேலே உள்ள மேட்டின் உச்சியிலிருந்து உருட்டினேன். நான்கு அடி. அங்கேயே நின்றுவிட்டது. போய்க் கால் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை.

நீ சொன்னது சரி. நான் எழுதிய வரி தப்பு. பதினான்கு வருட அனுபவத்தோடு, நன்றாக யோசித்து எழுதிய தப்பு. எங்கள் படிவத்தில் பட்டினிக்கு ஒரு தலைப்பு இல்லை. பச்சையாக இருந்தால் நல்லது என்று நானும் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்த மேட்டின் உச்சியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலத்தை யாரும் யாருக்காகவும் செய்யவில்லை. அதனால்தான் அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நல்ல அடியைப் பங்கரில் தள்ளும், மோசமான அடியைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். மறுநாள் வேறு மாதிரி. அன்று மாலை நான் அறுபத்தொன்பது அடித்தபோது அது எனக்குச் சலுகை காட்டவும் இல்லை, வஞ்சனை செய்யவும் இல்லை. பால்வெய்க்கில் என்னை ஆண்களுக்குச் சமமாக நடத்தியது அந்தத் தரை ஒன்றுதான் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு மைதானம் பெரியதாக இருக்க அது போதும் என்று நினைக்கிறேன். படிவத்தில் எழுத முடியாது.

தாளைப் பற்றி இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை. அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது இத்தனை வருடம் தோன்றாத ஒன்று தோன்றியது. அன்று இரவு உணவுக்குத்தான் அப்பா வீட்டுக்கு வந்தார், அதுவரை கரையில் இருந்தார். கார்டு உன் சட்டைப் பையில் இருந்தது. அது எப்படி அவர் கைக்குப் போனது? 'அதை விடு' என்று எழுதினாயே, நீ எப்போதும் எதையாவது மறைக்கும்போதுதான் அப்படிச் சொல்வாய்.

எல்ஸ்பெத்


பால்வெய்க்
8 நவம்பர் 1986

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதி மூன்று நாள் ஆகிறது. அனுப்பாமல் இருக்க முடியுமா என்று பார்த்தேன். உன் கையில் தாள் இருக்கிறது, நவம்பர் 28 வரை பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். இஷ்பெல்லிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் ஒரு தபால்தலையைக் கொண்டுவந்து வைத்தாள். அதனால் அனுப்புகிறேன்.

கார்டை அடுப்பில் போட்டது அப்பா இல்லை. நான்.

நீ கடைசிக் குழியை முடித்துவிட்டுக் குளிக்க வீட்டுக்கு ஓடினாய். நான் கார்டைக் கொடுக்கக் கிளப்புக்குப் போனேன். அப்போதைய காரியதரிசி மன்றோ பின்வாசலிலேயே என்னை நிறுத்தி அதை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார்.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு. உன் கையெழுத்து எங்க?"

"இப்பப் போட்டுடறேங்க."

"திங்கக்கிழமை நீ இங்க வேலைக்குச் சேர்ற நாள்தானே?"

"ஆமாங்க."

"யோசிச்சுக்கோ தம்பி. இதுல கையெழுத்துப் போடுற கையி, திங்கக்கிழமை எங்க மண்வெட்டியத் தொடாது."

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிழிக்கக்கூட இல்லை. கிழித்திருந்தால் அவர்மேல் பழி போட்டிருப்பேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மீன்பிடிப் படகில் போக எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், ஊரில் வேறு வேலையும் இல்லை. வீட்டுக்கு வந்து, நிலக்கரியும் சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியும் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அதைப் போட்டேன்.

அப்பா உள்ளே வந்தார். "என்னடா எரியுது?"

"அக்காவோட கார்டு."

ஒரு பூட்ஸைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் போட்டேன்னு அவகிட்டச் சொல்றேன்," என்றார். "அப்பன்மேல கோவம்னா பொண்ணு கொஞ்ச நாள்ல திரும்பி வந்துரும். தம்பிமேல கோவம்னா வராது. எனக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் வேற யாரு இருக்கா?"

அவர் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. நீ திரும்பி வரவில்லை. அவர் அதற்கப்புறமும் வாயைத் திறக்கவில்லை. மேய்ச்சல் பங்கை உனக்கு எழுதியபோது என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதைக் குத்தல் என்று எழுதியிருந்தாய். அவரிடம் வேறு எதுவும் உனக்குக் கொடுக்க இருக்கவில்லை, அக்கா.

அடக்கத்துக்கு நீ வராதபோது, பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போட வராதவள் பெண்ணா என்று தொலைபேசியில் கத்தினேன். யார் செய்த காரியத்துக்கு யார்மேல் கத்துகிறேன் என்று தெரிந்தேதான் கத்தினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஒருவரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

முர்டோ


பால்வெய்க்
29 நவம்பர் 1986

அக்கா,

மூன்று வாரம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிளைத் திருப்பும் ஒவ்வொரு காலையும் வாசலில் நின்றேன்.

நேற்று வக்கீல் அலுவலகத்தில் உறைகளைப் பிரித்தார்கள். ஏழும் சம்மதம். எட்டாவதாக உன்னுடையது. வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: "எல்ஸ்பெத் கன் ஆகிய நான் என் மேய்ச்சல் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. அதில் என் தம்பி முர்டோவின் ஆடுகள் தொடர்ந்து மேயும்."

கேப்டன் முகம் வெந்த நண்டு நிறத்துக்குப் போய்விட்டது.

"பேரு போடலன்னா தெரியாதா? உங்க அக்காதானே எழுதுனா, ஆடு போனா நூத்துக்குள்ள வரலாம்னு? இப்ப அவளே குறுக்க நின்னா என்ன அர்த்தம்?"

"அவ தப்பா எழுதிட்டான்னு அர்த்தம் சார்," என்றேன். இருபத்தேழு வருடத்தில் கிளப் ஆள் ஒருவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. வேலை போகுமா தெரியாது. இன்னும் போகவில்லை.

வாட்டி கெய்த்தும் வந்திருந்தார், அவர் பங்கு ஏழில் ஒன்று. கேப்டன் பசும்புல் வயல் என்றதும் மயங்கி, ஜூலைக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு, பதின்மூன்றில் பந்து நின்ற நாளிலிருந்து தூக்கமில்லாமல் இருந்தவர். "நூத்தி நாலுக்கு என்னய்யா கொறச்சல்? எனக்கு எம்பத்தொண்ணுதான் ஆவுது," என்று கேப்டன் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். எல்லாரும் சிரித்தார்கள், கேப்டனைத் தவிர.

மத்தியானமே மூன்று குழிகளின் வேலியைப் பிடுங்கினேன். ஆடுகள் நேராக மடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பழைய புல் திரும்ப மூன்று வருடமாவது ஆகும். திரும்பும்.

நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வக்கீல் உன் தாளை மேசைமேல் வைத்தபோது தேதி தெரிந்தது. அக்டோபர் 27.

நீ வந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். அதாவது 'கார்டு எப்படி அவர் கைக்குப் போனது' என்று எனக்கு நீ எழுதும் முன்பே முடிவு செய்து அனுப்பியே விட்டாய். என் கழுத்தில் கத்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் எழுதினேன். உன் கையில் கத்தியே இல்லை. எதற்காக அப்படிச் செய்தாய்? நான் செய்ததற்கு இது சரிக்குச் சரி என்றால், சரி. ஆனால் வாயைத் திறந்து சொல்.

முர்டோ


எடின்பரோ
7 டிசம்பர் 1986

முர்டோ,

திங்கள் காலை ரயில் வருவதற்கு முன், ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் எழுதி அங்கேயே தபால்பெட்டியில் போட்டேன். உனக்காகப் போடவில்லை. ஆடுகளுக்காகவும் இல்லை. வாட்டி கெய்த்தின் பந்துக்காக என்று வைத்துக்கொள்.

உன்னிடம் அதை மறைத்தது வேண்டுமென்றேதான். மறைக்காமல் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? ஆடுகள் தப்பித்துவிட்டன என்ற நிம்மதியில், அக்காவுக்கு ஏதோ ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையாவது சொல்லியிருப்பாய். நான் அதை நம்பியிருக்க மாட்டேன். மைதானத்தை இழக்க நேரும் என்று நினைத்துக்கொண்டே நீ எழுதினாய் என்பதால் நம்ப வேண்டியிருக்கிறது. நான் செய்தது நல்ல காரியம் இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இந்த ஒன்றுக்கு மட்டும்.

நம்பாமல் இருந்திருக்கலாம் என்று இந்த மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதவில்லை. பந்து விழுந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்று நீ எழுதிவிடாதே, அதை நான் பத்திரிகையில் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன். உன்மேல் இருக்கும் கோபத்தை என்னால் சமாளிக்க முடியும். நீ உயிரோடு இருக்கிறாய், திட்டலாம், ஒருநாள் அது தேய்ந்தும் போகலாம். அந்தக் காரியதரிசி உன்னிடம் கேட்டதை என்னிடம் கேட்டிருந்தால் பத்தொன்பது வயதில் நான் என்ன செய்திருப்பேன் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் எனக்குப் படகில் போகப் பயமில்லை.

அப்பாவை என்ன செய்வது?

எடின்பரோவுக்கு நான் வந்த பிறகு அவர் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு மே மாதமும். புல்லைப் பற்றித்தான். இந்த வருடம் காற்று எப்படி, எந்தக் கிரீன் பிழைத்தது, ஆலாப் பறவைகள் எத்தனையாவது குழியில் முட்டை வைத்தன. கார்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்புக் கேட்கக்கூட இந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று ஒன்றுக்கும் பதில் போடவில்லை. இருபத்தொரு கடிதம். கேட்பதற்கு அவரிடம் மன்னிப்பே இருக்கவில்லை, முர்டோ. செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் எப்படி மன்னிப்புக் கேட்பார்? நேற்று எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரிதான்: 'நீ வந்தால் எந்த நாளானாலும் ஆடலாம், நான் கூட வருகிறேன்.' எந்த அதிகாரத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இருபதாம் தேதி ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நான் முதலில் கல்லறைக்குப் போக வேண்டும், தனியாக. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. அங்கிருந்து உன் வீட்டுக்கு வருவேனா, திரும்பிப் போய்விடுவேனா என்றும் தெரியாது.

எனக்குச் சேர்த்துச் சமைக்க வேண்டாம் என்று இஷ்பெல்லிடம் சொல். இல்லை, சமைத்தால் பரவாயில்லை என்று சொல்.

அக்கா